நடுவில் லவ் உள்ள முகவரி

எங்கள் வீட்டு மின்னஞ்சல் முகவரியை உருவாக்கியது என் வீட்டுக்காரர்தான். கல்யாணமான புதிது. அவர் பெயர், நடுவில் ‘லவ்’, அப்புறம் என் பெயர், எல்லாம் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். கரண்ட் பில்லும் மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டும் அதற்கே வந்தன. எனக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லை.

இருவரும் ஒரே பேக்கரியில் வேலை பார்த்தோம். அவர் ரொட்டி சுடுவார். நான் கேக்குக்கு க்ரீம் பூசிப் பூ போடுவேன். முதலாளிக்கு முடியாமல் போய்க் கடையை மூடிவிட, இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் உட்கார்ந்தோம். சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் அவர் என் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்க ஆரம்பித்தார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். உப்பைத் தேடித் தேடி ஒரு நாள் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன்.

மகள் ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். நாங்கள் வேலை தேடப்போவதைக் கேட்டதும் முதலில் முகவரியைத்தான் பிடித்தாள்.

“இதுலேருந்தா வேலைக்கு எழுதப்போறீங்க? எங்க ஆபீஸுக்கு இப்படி ஒண்ணு வந்தா எல்லாரும் கூடி நின்னு சிரிப்பாங்கம்மா. பேரு, இனிஷியல், அவ்வளவுதான். ஆளுக்கு ஒண்ணு வெச்சுக்கங்க.”

“சிரிச்சா சிரிக்கட்டும். நான் என்ன பொய்யா எழுதியிருக்கேன்?” என்றார் அவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த தெருவில் ஒரு புது பேக்கரி திறந்தார்கள். ஒரே ஓர் ஆள் தேவை என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது. இவருக்கு முழங்கால் வலி. பாவம், மனுஷன் ஓய்வெடுக்கட்டும் என்று அவருக்குத் தெரியாமல் நான் எழுதிப் போட்டேன். எனக்குத் தோள்பட்டை வலி. பாவம், அவள் ஓய்வெடுக்கட்டும் என்று எனக்குத் தெரியாமல் அவரும் எழுதிப் போட்டிருக்கிறார். அதே முகவரியிலிருந்து. அனுப்பிய மெயிலை எட்டிப்பார்க்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. பெயர்தான் முகவரியிலேயே இருக்கிறதே என்று இரண்டு பேருமே கீழே பெயர் போடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இரண்டு போனும் ஒன்றாக ஒலித்தன. பேக்கரியிலிருந்து மெயில். ‘உங்கள் விண்ணப்பம் பிடித்திருக்கிறது, நாளை காலை நேரில் வாருங்கள்.’

“எனக்கு வந்திருக்கு” என்றேன்.

“எனக்குல்ல வந்திருக்கு” என்றார் அவர்.

அப்போதுதான் குட்டு உடைந்தது. யாரைக் கூப்பிட்டார்கள் என்று எவ்வளவு படித்தும் தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேருமே கிளம்பிப் போனோம்.

பேக்கரி அம்மாளுக்கு மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“ரொட்டியும் வரும், க்ரீம் வேலையும் வரும்னு ரெண்டு மெயில் வந்துச்சு. ஒரே ஆளுக்கு இவ்வளவு கைவேலையான்னு அசந்துபோய்த்தான் கூப்பிட்டேன்.”

“அந்தப் பேரு?” என்று இழுத்தேன்.

“கொஞ்சம் நீளமான பேருன்னு நெனச்சேன். லவ் வந்து குடும்பப் பேரா இருக்கும்னு விட்டுட்டேன்.” அவர் முகம் வாடியது. “நான் தேடினது ரெண்டும் தெரிஞ்ச ஒருத்தர. எங்கிட்ட இருக்கிறது ஒரு சம்பளம்தான்.”

“அப்போ இவளையே எடுத்துக்கங்கம்மா. இவ கைவண்ணம் யாருக்கும் வராது” என்றார் இவர்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் இப்படியே விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அடுப்படியிலேயே முடங்கிப்போவார்.

“இவர் பேச்சைக் காதுல போட்டுக்காதீங்க. இவர வீட்ல விட்டா எனக்கு உப்பு கிடைக்காது” என்றேன். “ரொட்டி வேலை விடியக்காலைல. கேக் வேலை மத்தியானத்துக்கு மேல. அந்த நீளமான பேருக்காரர் ரெண்டு வேளையா வந்துட்டுப் போறார்னு வெச்சுக்கங்களேன். சம்பளத்தப் பாதிப் பாதியா குடுங்க, போதும்.”

 அந்த அம்மாள் சிரித்துவிட்டார். “சரி. ஆனா வேலைக்கான ஆர்டர் தனித்தனியாத்தான் போடணும். ஆளுக்கு ஒரு மெயில் ஐடி குடுங்க.”

அன்று சாயங்காலமே மகள் வந்து செய்து கொடுத்தாள். பெயர், இனிஷியல், அவ்வளவுதான். என் பெயரை மட்டும் தனியாகப் பார்க்கப் புதுச்செருப்பு போட்டதுபோல் இருந்தது. கடிக்கவில்லை, ஆனால் காலில் இருப்பது தெரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் அதற்கே என் வேலை உத்தரவு வந்தது. மூன்று தடவை படித்தேன்.

“பழசை எடுத்துடலாமா?” என்றாள் மகள். அவள் அப்பா காது கேட்காதவர்போல் உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் எழுவதற்கு முன் அவர் போய்விடுகிறார். அவர் வருவதற்குள் நான் கிளம்பிவிடுகிறேன். நான் திரும்புவதற்குள் அவர் தூங்கிவிடுகிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்க்கவே பாடாக இருக்கிறது. நேற்று வேலைக்கு நடுவே எதற்கோ போனில் பழைய மெயில் பெட்டியைத் திறந்தேன். அதே முகவரியிலிருந்து அதே முகவரிக்கு ஒரு மெயில் கிடந்தது.

‘இடதுபக்க அடுப்புல சீக்கிரம் கருகுது, தட்டை நடுவுல திருப்பி வை. தோளுக்குத் தைலம் உன் பைல வெச்சிருக்கேன். உப்பு டப்பாவைப் பழைய இடத்துலயே வெச்சுட்டேன்.’

க்ரீம் கையோடு நின்று பொலபொலவென்று அழுதேன். சந்தோஷம்தான். கீழே பெயர் போடவில்லை. நானும் பெயர் போடாமலே பதில் எழுதினேன்.