மஞ்சள் துணி

இன்னும் விடிந்திருக்கவில்லை. கிள்ளான் கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் துணியை அடுக்குமாடிக்குப் பின்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் சுற்றிக் கட்டி, குங்குமமும் அப்பினாள் ரோசலின். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் செய்கிற வேலையா இது? வேறென்ன செய்வாள், பாவம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று நகராட்சிக் கவுன்சில்காரர்கள் மரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் புருஷன் மாரிஸுக்கு உலகமே அந்த மரத்தடிதான். கொதிக்கும் தரைத்தள வீட்டிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து நிழலில் விட்டால்தான் மனுஷன் வாய் திறந்து நாலு வார்த்தை பேசுவார். கவுன்சில் ஆபீசுக்கும் நடையாய் நடந்து பார்த்துவிட்டாள். பூங்காப் பிரிவு கார் நிறுத்துமிடப் பிரிவைக் கைகாட்டியது. அவர்கள் பூங்காப் பிரிவையே திருப்பிக் காட்டினார்கள். மரம் யார் பொறுப்பு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை, வெட்ட மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

குத்தகைக்கு மரம் வெட்டும் யுகேந்திரன் ரம்பத்தோடு வந்தான். துணியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான்.

"சாமி மரம்லா இது. நான் கை வைக்க மாட்டேன். பாஸ் வேற ஆள பாத்துக்கட்டும்."

லோரி திரும்பிப் போனது. அன்று ரோசலின் மீன் குழம்பு வைத்தாள்.

அடுத்த வாரமே மரத்தடிக்கு எலுமிச்சம்பழம் வந்தது, பிறகு சூலம், பிறகு பக்கத்து புளோக் கமலநாதன் தலைமையில் ஒரு கமிட்டி. அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டு கொட்டி மேடை கட்டினார்கள். மேடைக்கு மேல் போட்ட கொட்டகையின் தகரக் கூரைக்கு இடைஞ்சலென்று கிளைகளைக் கழித்தார்கள். மாரிஸின் நாற்காலி மேடைப் படியில் முட்டி நின்றது. அங்கே செருப்புக்கே இடமில்லையாம், சக்கரத்துக்கு எங்கே?

பொறுக்கமாட்டாமல் ரோசலின் கமலநாதனிடமே போனாள்.

"தம்பி, அந்தத் துணிய கட்டுனது நான்தான். மரத்த காப்பாத்தத்தான் கட்டுனேன். அங்க சாமியெல்லாம் இல்ல."

கமலநாதன் கோபப்படவில்லை. கைகூப்பினான்.

"ஒங்கள கட்ட வச்சதே அம்மாதான் ஆன்டி."

ரோசலின் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

மூச்சு முட்டிய மரம் மறுவருஷம் பட்டுப்போனது. ஆபத்தான மரமென்று கவுன்சில் இப்போது சுறுசுறுப்பாய் ஓடி வந்தது. கொட்டகை எங்கள் பிரிவு இல்லை என்றார் அதிகாரி. அதே யுகேந்திரன்தான் வந்தான். கமலநாதன் துணியை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, கொட்டகையின் இரும்புத் தூணில் கட்டினான்.

"இப்ப வெட்டலாம் அண்ணே."

மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சன்னல் வழியே வெயில் நேராக மாரிஸின் முகத்தில் இறங்கியது.

"ரோஸ், மரத்தடிக்குப் போலாமா?"

அவள் உள்ளங்கையை அவர் கண்களுக்கு மேலே மறைப்பாகப் பிடித்தபடி நின்றாள். வெளியே தூணில் மஞ்சள் துணி ஆடிக்கொண்டிருந்தது. கை வலித்தது. மற்றக் கையை மாற்றிப் பிடித்தாள்.