கர்னலின் வயிறு

1

இந்தக் கதை ஒரு அலமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்ன கற்பனை என்று யாராவது பாராட்டித் தொலைப்பார்கள். உருதுவும் தெலுங்கும் பேசும் எங்கள் ஊர் மோண்டா மார்க்கெட்டில் பழைய தேக்கு அலமாரி ஒன்று வாங்கினேன். தட்டில் ஒட்டியிருந்த தாளை உரித்தால், அது 1938 ஜூன் மாதத்து நாள்காட்டி. மேலே பென்சிலில் "கர்னல் வயிறு" என்று தமிழில் எழுதியிருந்தது. கீழே, கட்டத்துக்கு ஒன்றாக:

தண்ணியா. மூணு வாட்டி.
மஞ்ச வாந்தி. புல்லு தின்னுச்சு.
கெட்டி. நல்லா இருக்கு.
மறுபடி தண்ணி. சளி.
யாரு குடுத்தாங்க?
பால் நான்.
இன்னிக்கு ஒண்ணும் கிடையாது. தண்ணி மட்டும்.

எட்டாவது கட்டம் காலி. அதற்குப் பிறகு மாதம் முழுக்கக் காலி.

புல் தின்ற வரி வரும்வரை ஏதோ வெள்ளைக்கார அதிகாரியின் வயிறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கங்கள்.

"லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் சங்கு ஊதியபோது லலிதாம்பாள்–" வேண்டாம். ரயில்வே குவார்ட்டர்ஸ் கதை என்றால் சங்கு ஊதித்தான் ஆகவேண்டுமா?

"நாய்களின் இரைப்பை மிகவும்–" இது கட்டுரை. கட்டுரையாக இருந்திருந்தால் எப்போதோ முடித்துக் கொடுத்திருப்பேன்.

"லலிதாம்பாள் கொல்லையில் குனிந்து, நாய் வெளிக்கு இருந்து வைத்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்." இது இருக்கட்டும்.

(பெயர் நான் வைத்தது. நாள்காட்டியில் அவள் பெயர் இல்லை. எதை எழுதினாலும் அதில் தன் பெயரை எழுதத் தோன்றாத பெண்.)

3

"என்னா அண்ணி, அதுல பொன்னா பொறுக்கறீங்க?"

கமலாதான். லலிதாம்பாளுடைய புருஷன் வேதாசலத்தின் தங்கை. இருபத்தாறு வயதில் தாலியறுத்து, ஆரணியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள்.

"நேத்து கெட்டியா இருந்தான். இன்னிக்கு மறுபடியும் தண்ணியா போயிருக்கான். சளி வேற. யாரோ குடுத்திருக்கீங்க."

"நான் இல்லப்பா."

"நானும் இல்ல" என்றான் வேதாசலம், கேட்காமலேயே, உள்ளிருந்து. அவன் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். ஃபோர்மேன் துரையின் நடையைப் பார்த்து நாய்க்குக் கர்னல் என்று பெயர் வைத்தவன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். சாப்பிட்டு எழும்போது கடைசிக் கவளத்தைக் கர்னலுக்கு வைப்பது. ஒருவர் வைத்தால் ஒரு கவளம். ஆனால் வேதாசலம் ஷிப்டுக்குப் போகிறவன். ஒரு வாரம் விடியலில் சாப்பிடுவான், மறுவாரம் மூன்று மணிக்கு. கமலா நண்பகலில் ஒரே ஒரு வேளை. லலிதாம்பாள் எல்லாம் ஓய்ந்த பிறகு. மூன்று பேரும் மூன்று நேரத்தில் உட்கார்ந்து, "பாவம், இதுவரைக்கும் யாரும் வைக்கல போல" என்று நினைத்தார்கள். கர்னல் அப்படி நினைக்க வைப்பதில் தேர்ந்தவன்.

நான்கு நாளாக அவனுக்கு வயிறு சரியில்லை. வைத்தியம் மட்டும் தாராளமாக நடந்தது. வேதாசலம் விளக்கெண்ணெய் புகட்டினான். கமலா மிளகாய் சுற்றிப் போட்டாள். இரண்டும் செய்துவிட்டு, இளைத்துவிட்டானே என்று ஆளுக்கு ஒரு பிடி சோறு வேறு. கர்னலின் விலா எலும்பை எண்ண முடிந்தது. பெயரைக் கூப்பிட்டால் வால் மட்டும் ஒருமுறை தரையில் தட்டியது.

4

இங்கே எனக்குக் கமலாவின் மேல் சந்தேகம். முதல் வடிவத்தில் அவள்தான் குற்றவாளி. முந்தானைக்குள் மறைத்த வடை, கதவுக்குப் பின்னால் நாயின் சப்புக்கொட்டல். எழுதச் சுலபமாக இருந்தது. அந்தச் சுலபமே எனக்குப் பிடிக்கவில்லை.

லலிதாம்பாளுக்கும் சந்தேகம் அவள் மேல்தான். "கமலா, கையைக் காட்டு" என்று மறுநாள் மத்தியானம் அவள் சொன்னபோது கமலா கையை நீட்டினாள். உள்ளங்கையில் உருட்டிய தயிர்சோறு. "கொஞ்சூண்டுதான் அண்ணி." நாள் முழுக்க அந்த வீட்டில் கமலாவின் கையை எதிர்பார்த்து நின்றது அந்த ஒரு பிராணிதான். அதையும் பிடுங்குகிறோம் என்று லலிதாம்பாளுக்குத் தெரியும். தெரிந்தும், பிடிபட்டவள் எதிரே நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒரு சின்ன ருசி ஊறியதே, அது என்ன? அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாள்காட்டியில் "யாரு குடுத்தாங்க?" என்று எழுதினாள். பதில் தெரிந்த பிறகும் கேள்வியாகவே.

(வேதாசலத்தை மறந்துவிட்டேன். அவன் டிபன் டப்பாவில் மிச்சம் வைத்த ஆட்டெலும்பைக் கொண்டுவந்து போட்டிருந்தான். "எலும்பு சாப்பாடு இல்லியே" என்றான். இந்த மனிதர்களை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?)

5

ஆறாம் நாள் சாயங்காலம் லலிதாம்பாள் கர்னலை ஒரு கோணியில் கிடத்தி, ஜட்கா பிடித்து, திருமலகிரி குதிரை லாயத்துக்குப் போனாள். அங்கே குதிரை வைத்தியம் பார்த்த யூசுப் மியான் நாயையும் பார்ப்பார் என்று கேள்வி. தனியாகத்தான் போனாள். ஊர் என்ன சொல்லும் என்பதை இரண்டு பத்தி எழுதி அடித்துவிட்டேன். நாய்க்குப் பேதி நிற்கவில்லை, ஊரைப் பற்றி யாருக்கு என்ன?

யூசுப் மியான் கர்னலின் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினார். வெளுத்தது, பிறகு மெல்லச் சிவந்தது. பிடரித் தோலைக் கிள்ளி விட்டார்; அது அவசரமில்லாமல் கீழே படிந்தது. வயிற்றைத் தடவினார். உப்பவில்லை.*

"பாத் தேதே?"

"ஹவ்" என்றாள். ஆமாம், சோறு போடுகிறோம்.

"ஹட்டி?"

"அவர் போட்டாரு. எலும்பு."

"தூத் கோன் தேரா?"

"பாலா? பால் நான்... அது பால்தானே மியான்."

அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். பால் குட்டிக்குத்தான், வளர்ந்த நாயில் பலதுக்கு அது செரிக்காது என்று பாதி உருதுவிலும் பாதி கையாலும் சொன்னார். "ஏக் தின் குச் நக்கோ. பானி, தோடா தோடா." ஒரு நாள் எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மறுநாள் உப்பு, காரம், எண்ணெய் இல்லாத குழைந்த சோறு, சின்னச் சின்னப் பிடியாக. விளக்கெண்ணெய் கூடவே கூடாது. ரத்தம் போனாலோ, குடித்த தண்ணீரும் தங்காவிட்டாலோ, அந்த நிமிஷமே இங்கே.

* வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் காத்திருக்கவே கூடாது. குட்டி நாயைப் பட்டினி போடவும் கூடாது. இதைக் கதைக்குள் வைக்க இடம் கிடைக்கவில்லை. நாய் வளர்ப்பவர்கள் கதையை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

6

பால் நான்.

இந்த இரண்டு சொல்லின் முன்னால் நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன். ஜட்காவில் திரும்பும்போது லலிதாம்பாளுக்கு என்ன தோன்றியிருக்கும்? தினமும் சாயங்காலம் பால்காரன் ஊற்றிப் போனதும் முதல் கரண்டி கர்னலின் கிண்ணத்தில். ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் அது 'கொடுப்பது' என்று அவள் கணக்கில் வரவே இல்லை. மற்றவர்கள் கொடுத்தது தீனி. தான் கொடுத்தது அன்பு. அதனால்தானே ஐந்து நாளாக எல்லோர் கையையும் பார்த்தவள் தன் கையை மட்டும் பார்க்கவில்லை.

"அவளுக்கு அழுகை–" இல்லை. அவள் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. வேதாசலத்தின் மேல், கமலாவின் மேல், அந்த நாயின் கண்ணின் மேல், கடைசியாக, வேறு வழியில்லாமல், தன் மேல். வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தாள். எழுதினாள். நானாக இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பேன்.

7

ஏழாம் நாள். விறகுக் கொட்டகை வாசலில் கர்னல். பக்கத்தில் ஒரு மணையில் லலிதாம்பாள், தண்ணீர்க் கிண்ணத்தோடு.

வேதாசலம் இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினான். கமலா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கடைசிக் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, பிறகு தானே விழுங்கினாள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை. விக்கியது. கை கழுவிவிட்டு வந்து எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி நான் குடுக்கட்டா அண்ணி?"

லலிதாம்பாள் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். கமலா கரண்டி கரண்டியாக ஊற்றினாள். கர்னல் நக்கினான். தங்கியது.

நாலு மணிக்குப் பால்காரன் வந்து போனான். லலிதாம்பாள் உள்ளே போய்ச் செம்பை வைத்துவிட்டுத் திரும்பினாள். கர்னல் தலையைத் தூக்கி, முழு நாளில் முதல்முறையாக, அவளையே பார்த்தான். வால் தட்டியது.

"அண்ணி."

"என்னா?"

"கையைக் காட்டுங்க."

பின்னால் கட்டியிருந்த கையை லலிதாம்பாள் முன்னால் கொண்டுவர வெகுநேரம் ஆயிற்று. கரண்டியில் பால் தளும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அதைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தப் பாலை லலிதாம்பாளே குடித்தாள், ஏதோ கசாயம் குடிப்பதுபோல.

8

எட்டாவது கட்டம் காலி.

சரியாகிவிட்டது, எழுத ஒன்றுமில்லை என்று அவள் விட்டிருக்கலாம். எழுதக் கை வராமல் விட்டிருக்கலாம். காலியாக இருக்கும் கட்டம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எட்டாம் நாள் காலை கர்னல் எழுந்து போய், ஃபோர்மேன் துரையைப் பார்த்துக் குரைத்தான் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது. கொடுக்க மாட்டேன்.

மாரெட்பள்ளியில் இருக்கும் என் சிநேகிதி இதைப் படித்துவிட்டு, "நாய் பிழைச்சுதுன்னு ஒரே ஒரு வரி போடேன்டி, கைக்கு, எதுக்கு இவ்ளோ பிடிவாதம்? ஒரு வரியில என்ன ஆயிடும்?" என்கிறாள். ஒரு வரி. கொஞ்சூண்டு. இதைத்தானே அந்த வீட்டில் மூன்று பேரும் சொன்னார்கள்.

எட்டாம் நாள் இன்னும் விடியவில்லை. விறகுக் கொட்டகை வாசலில் அவன் படுத்திருக்கிறான். மூச்சு ஏறி இறங்குகிறது. தண்ணீர் இருக்கிறது. விடியும்வரை வேறொன்றும் கூடாது. லலிதாம்பாளும் கமலாவும் அசந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக மணையில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கர்னல் உங்களைப் பார்க்கிறான்.

கையைக் காட்டுங்கள்.