குடும்பத்துப் பக்கம்

பெனடீட்டாவின் வாயில் எப்போதும் ஒரு வார்த்தை தயாராக இருக்கும்: "சரியாயிடும்." உடற்கூறியல் தேர்வில் வகுப்பே மண்ணைக் கவ்வியபோதும் அதைத்தான் சொன்னாள், விடுதிக் கூரை ஒழுகிப் படுக்கை நனைந்தபோதும் அதைத்தான் சொன்னாள். கால்நடை மருத்துவ வகுப்பு அவளை "மருந்துக்கடை" என்றே கூப்பிட்டது. அவளும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தாள்.

மே மாத மாணவர் ஊர்வலத்தன்று பிற்பகல் இரண்டரை மணிக்குத் தெல்மோ அவள் கையைப் பிடித்து, என்னமோ பண்ணுகிறது, குளிருகிறது என்றான். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அப்போதும் அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் படு என்று ஊர்வல வண்டியின் பின்பக்கம் அவனைக் கிடத்தி, மாணவர்கள் தோளில் போடும் தன் கருப்பு அங்கியால் போர்த்திவிட்டாள்.

தெல்மோ மலைக்கிராமத்திலிருந்து வந்த முதலாமாண்டுப் பையன். அந்தப் பல்கலைக்கழக நகரத்தில் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவர் ஞானத்தாயாகவோ ஞானத்தந்தையாகவோ அமைவார். ஞானத்தாய்க்கு ஒரு ஞானத்தாய், அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று பாட்டி, மாமா, சித்தி வரை உறவு நீளும். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு குடும்பம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? ஆனால் ஊர்வலத்தன்று அந்தக் குடும்பத்தார் ஆளுக்கொரு கோப்பை ஊற்றுவார்கள். ஞானப்பிள்ளை மறுக்கக் கூடாது. தெல்மோவுக்கு ஏழு உறவு, ஏழு கோப்பை. பீர் இல்லை, திராட்சைச் சக்கையில் வடித்த சாராயம். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று அவன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். முதல் கோப்பையை நீட்டியவள் அவனுடைய ஞானத்தாய் பெனடீட்டா.

அவர்களுடைய வண்டி ஒரு பெரிய பசுமாடு. மூன்று மாதம் உட்கார்ந்து காகிதப்பூ ஒட்டிச் செய்தது. டிராக்டர் இழுக்க, மாடு தலையாட்டிக்கொண்டு போகும். மடியில் வைத்த குழாயைத் திருகினால் பீர் கொட்டும். அந்தக் குழாயைப் பார்த்துத் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. தெல்மோ படுத்திருந்தது மாட்டின் பின்னங்கால்களுக்கு நடுவே. வியர்த்தவர்கள் தங்கள் அங்கிகளைக் கழற்றிக் கழற்றி அவன்மேலேயே போட்டார்கள்.

மூன்றரை மணிக்கு, இன்னும் இருநூறு அடியில் தெருமுனை மருந்துக்கடை வளைவு என்றபோது, பெனடீட்டா அவனை எழுப்பப் போனாள். வளைவில் அவனுடைய அம்மா ரொசிண்டா காத்திருந்தார். ஆடு வளர்த்து ஒற்றை ஆளாக மகனைப் படிக்கவைத்தவர். மகன் முதல்முறையாக அங்கி போட்டு வருவதைப் பார்க்க வேண்டும் என்று நான்கு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார். இறங்கியதும் வழக்கம்போல் பெனடீட்டாவைத்தான் ஃபோனில் கூப்பிட்டார். பிள்ளையைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். நான் இருக்கிறேன் அம்மா என்று இவள் சொன்னாள்.

அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஐந்து, ஆறு, ஏழு. கடைசியில் அவளுடையது. அது நனைந்திருந்தது. தெல்மோ குப்புறக் கிடந்தான், வாந்தி முகமெல்லாம் அப்பியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு ஒருமுறை இழுத்தது, பிறகு நின்றது. அவள் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து மறுபடி இழுத்தது. கன்றுக்குட்டிக்குச் செய்வதுபோல் ஒருக்களித்துப் புரட்டி, வாய்க்குள் விரலை விட்டு வழித்தெடுத்தாள். காதைத் திருகினாள். அவன் அசையவில்லை.

அவசர உதவிக்குக் கூப்பிட்டாள். ஆம்புலன்ஸ் மருந்துக்கடை வாசலில்தான் நிற்கிறது, கூட்டத்துக்குள் நுழைய முடியாது, பையனைத் தூக்கி வாருங்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு. முன்னால் வாத்தியக்குழு. வண்டியோ நகர்ந்துகொண்டே இருந்தது.

வண்டித் தலைவன் வாஸ்கோ, மாட்டின் கழுத்தில் உட்கார்ந்து தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தச் சொல் என்றாள்.

"தூங்கறான், விடுடி. வண்டி நின்னா ஊர்வலமே நின்னுடும். அடுத்த வருஷம் நமக்கு வண்டியே தரமாட்டாங்க."

"மூச்சு சரியா வரல, வாஸ்கோ."

"வளைவு தாண்டட்டும், பாத்துக்கலாம். சரியாயிடும்னு நீதானே எப்பவும் சொல்லுவ?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. டிராக்டர் ஓட்டும் அபிலியோவை அண்ணே, அண்ணே என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

பெனடீட்டா நனைந்த அங்கியைச் சுருட்டிக்கொண்டு கீழே குதித்தாள். டிராக்டருக்கு முன்னால் ஓடி, அதை நடுரோட்டில் விரித்தாள்.

அங்கியைத் தரையில் விரிப்பது அந்த ஊரில் பெரிய மரியாதை. பெரியவர் யாராவது வந்தால்தான் விரிப்பார்கள், அவரைத் தவிர யாருடைய காலும் அதில் படக் கூடாது. சக்கரம் ஏறுவதைப் பற்றி எவரும் யோசிக்கவே மாட்டார்கள். இருபது வருஷமாக ஊர்வலத்தில் வண்டி இழுக்கும் அபிலியோவின் கால் தானாகவே பிரேக்கில் போய் அழுந்தியது. மாடு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னாலிருந்த வண்டிகளிலிருந்து விசிலும் வசவும் கிளம்பின.

வாஸ்கோ இறங்கி ஓடிவந்தான். முகம் சிவந்திருந்தது.

"யாரு வராங்கன்னு இத விரிச்சே?"

"தெல்மோ வரான். போய்த் தூக்கிட்டு வா."

அவன் திட்டிக்கொண்டேதான் போனான். வெளிச்சத்தில் தெல்மோவின் முகத்தைப் பார்த்ததும் திட்டுவதை விட்டு, அவன் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான். தெல்மோவை அங்கியில் கிடத்தி, நாலு முனையை நாலு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வாத்தியக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். ஏதோ வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். யாரோ பூ எறிந்தார்கள்.

வளைவில் ரொசிண்டா ஃபோனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கருப்புத் துணித் தூளியொன்று ஓடிவருவதைச் சிரித்துக்கொண்டே பிடித்தார். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலணிகள் அவர் போன வாரம் வாங்கி அனுப்பியவை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். ரொசிண்டாவின் மடியில் மகனுக்காகக் கொண்டுவந்த சோள ரொட்டிப் பை அப்படியே இருந்தது. ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"சொல்லு பொண்ணே. ஃபோன்ல எப்பவும் சொல்லுவியே ஒரு வார்த்தை. இப்ப சொல்லு."

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தை பெனடீட்டாவுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு மருத்துவர் வந்தார். பையன் தானாக மூச்சு விடுகிறான், கண் திறந்துவிட்டான் என்றார். இன்னும் கால் மணி நேரம் அந்தத் துணிக்குவியலுக்குள் கிடந்திருந்தால் என்று தொடங்கியவர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மருத்துவர் போனதும் ரொசிண்டா திரும்பினார்.

"அவன்மேல போத்தினது யாரு?"

"முதல்ல நான்தான்மா."

"ஊத்திக் குடுத்தது?"

"அதுவும் முதல்ல நான்தான்."

ரொசிண்டா கையை நீட்டினார். பெனடீட்டா அங்கியைக் கொடுத்தாள். அது மூஞ்சியில் வந்து விழும் என்றுதான் எதிர்பார்த்தாள், அதற்குத் தயாராகவும் இருந்தாள். அங்கியில் வாந்தி நாற்றம் குமட்டியது. மாணவ அங்கியைக் கழுவக் கூடாது என்பது வழக்கம், ஆக அந்தக் கறை இனி அவளோடுதான் இருக்கும்.

"இதுல வேண்டியவங்க பாசத்துக்கு அடையாளமாப் பல்லால கிழிச்சு விடுவாங்களாமே, எம்பையன் சொன்னான். குடும்பத்துக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். ஆனா அது என்னோட சொந்த அம்மா, அப்பா மட்டும்தான்..."

ரொசிண்டா கேட்டு முடிக்கவில்லை. இடது ஓரத்தைக் கடித்து ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தார். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அங்கியை அவள் மடியில் போட்டார்.

"குடும்பம், குடும்பம்னு சொல்லித்தானே ஊத்துனீங்க? அப்ப நாளைக்கும் நீ வரணும். அவன் வாந்தி எடுத்தா நீதான் ஏந்தணும். உன்மேல எனக்கு இன்னும் கோவம் போகல, தெரிஞ்சுக்க."

பெனடீட்டா அழுதுகொண்டே தலையாட்டினாள். பழக்கதோஷத்தில் அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"எத்தன மணிக்கு வரணும்மா?" என்று கேட்டாள்.