மூச்சு விட்ட இடம்

போன முறை அவள் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிட்டு, அடைப்பு எதுவும் இல்லை என்று தைத்து அனுப்பினார்கள். ஒரு வருஷம் அவளால் செங்கல் தூக்க முடியவில்லை. இப்போது வயிறு மறுபடியும் பானையாக உப்பிவிட்டது. தின்றதெல்லாம் வாந்தி. இன்னொரு தடவை திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். குடல் டாக்டர் மட்டும், "கத்தி எங்க ஓடிடப் போகுது? முதல்ல குடல் அசையறத ஸ்கேன்ல படமா ஓடவிட்டுப் பாத்துடுவோம்" என்றார்.

கட்டட வேலையில் அவளுக்குப் பட்டப்பெயர் கிரேன். குடல் படத்தில் தெரிவதற்காகக் கொடுத்த ஒரு பாட்டில் இனிப்புத் தண்ணீரை முக்கி முனகிக் குடித்துவிட்டு, குழாய் மாதிரி இருந்த இயந்திரத்துக்குள் படுத்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஸ்கேன்காரப் பெண் மைக்கில் சொன்னாள்:

"மூச்ச இழுத்துப் பிடிங்கக்கா."

படம் கலங்கலாக வந்தது. மறுபடி எடுத்தாள். அதுவும் கலங்கல்.

"வயித்த ஏன்க்கா இப்படி இறுக்குறீங்க? லூசா விடுங்க."

"மூச்சப் பிடிச்சா வயிறு தானா இறுகுதும்மா. லூசா விட்டா சுமை எப்படி ஏறும்?"

கல் ஏற்றும்போதெல்லாம் மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்கியே பழகிய உடம்பு. வேறு விதமாக மூச்சடக்க அதற்குத் தெரியாது. படம் வராவிட்டால் கத்திதான். அந்தப் பெண் வெளியே நின்ற கிரேனின் கணவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சொல்லிப் பாருங்க."

அவர் கொத்தனார். மைக்கருகே குனிந்து, சாரத்து உச்சியிலிருந்து கூவுவதுபோல் கூவினார்: "ஏய் கிரேன்! கல்ல இறக்கியாச்சு! சட்டி காலி!"

"கத்தாதீங்க, காது போச்சு! நாலாவது மாடியிலயா நிக்கிறீங்க?" என்று உள்ளிருந்து அவள் சத்தம் போட்டாள்.

"இறக்கியாச்சுங்கிறேன்ல. மூச்ச விடு."

உள்ளே நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. இறுகியிருந்த வயிறு தொய்ந்தது.

"அக்கா, அப்படியே இருங்க! விட்ட இடத்துலயே நிறுத்துங்க, இழுக்காதீங்க!"

படம் தெளிந்தது.

டாக்டர் அதை இருவருக்கும் ஓட்டிக் காட்டினார். "எங்கயும் அடைப்பு இல்ல. இந்தத் துண்டு மட்டும் மந்தமாக் கிடக்கு, தண்ணி தேங்குது. அதைத் தாண்டி நல்லா சுருங்கி விரியுது, பாருங்க."

"வேலைக்கு வந்துட்டு ஓரமா உக்காந்திருக்கு" என்றாள் அவள் கணவனிடம். "உங்க ஆளுங்க மாதிரி."

"டீக்குப் போயிருக்கும்" என்றார் கொத்தனார்.

"அப்ப கிழிக்க வேணாமா டாக்டர்?"

"வேணாம். அசைய வைக்க மாத்திரை தர்றேன். முழுசா சரியாயிடும்னு வாக்கு குடுக்க மாட்டேன். கேக்கலன்னா வேற மாத்திப் பாக்கலாம்."

"கல்லு எப்ப தூக்கலாம்?"

"முதல்ல சோறு வயித்துல தங்கட்டும். அப்புறம் பேசுவோம்."

படியிறங்கும்போது அவள் கணவனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்புறம்னு சொன்னாருங்க. தூக்கவே கூடாதுன்னு சொல்லல. கேட்டீங்கல்ல?"

"கேட்டேன், கேட்டேன். கைய விடு, நசுங்குது."