செல்லாத பச்சை டோக்கன்

பெவர்லி கிளஃபுக்கு வியாழக்கிழமை லீவு. ஆல்டர்பி ஊரில் இது தெரியாத பெண்கள் குறைவு. உண்டாகியிருப்பதைக் கொஞ்ச நாளைக்காவது வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் எல்லாம் ஸ்கேனுக்கு வியாழக்கிழமையாகப் பார்த்துத்தான் நாள் கேட்பார்கள். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி ஸ்கேன் பிரிவின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது பெவர்லி.

உள்ளே நடப்பதை வெளியே சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பெவர்லியும் சொல்வதில்லை. "நான் ஒண்ணும் சொல்லலப்பா. மார்க்கெட்ல அந்த ஹில்டாவோட மருமகளைப் பார்த்தா ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க, அவ்வளவுதான்" என்பாள். இதைச் சொன்னதாகக் கணக்கு வைக்க முடியாதே.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காசில்லை, ஸ்கேனுக்குக் காசில்லை, பிரசவத்துக்குக் காசில்லை. பிள்ளையின் படம் கையில் வேண்டுமென்றால் மட்டும் ஐந்து பவுண்டு. கவுண்டரை ஒட்டி ஒரு மெஷின் நிற்கும். காசு போட்டால் நீல டோக்கன் விழும். அதை உள்ளே கொடுத்தால் ஒரு படம். உள்ளே காசு வாங்க மாட்டார்கள். முன்னாடியே வாங்கிக்கொண்டு போக வேண்டும். "வரி கட்டறோமே, ஒரு துண்டுக் காகிதத்துக்கும் காசா?" என்று தினமும் யாராவது கண்ணாடியைத் தட்டுவார்கள். "வரிக்குப் பிள்ளையைக் காட்டுவோம் கண்ணு, வீட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டோம்" என்பது பெவர்லியின் பதில். அவளுக்கு ஊரே கண்ணுதான். திட்டும்போது இன்னும் ஒரு கண்ணு கூடும்.

அந்தப் படங்களை நெருங்கியவர்களுக்குக் கொடுப்பதும், வாங்கியவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதும் அந்த ஊர் வழக்கம். பெவர்லியின் ஃபிரிட்ஜ் என்ன நிறம் என்று அவளுக்கே மறந்துவிட்டது. பக்கத்து வீடு, எதிர் வீடு, சர்ச்சில் பூ வைக்கிறவளின் மகள் என்று கதவு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பட்டாணிகள். கொடுத்தவர்களில் பாதிப் பேர் மனசோடு கொடுத்தவர்கள் இல்லை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் ஒருவன் இருந்தான்; வெயில் தேடி ஸ்பெயினுக்குப் போனவன் அங்கேயே காய்கிறான். அதனால் அந்தக் கதவின் நடுவில், கண்ணுக்கு நேராக ஒரு இடத்தை மட்டும் காலியாக வைத்திருந்தாள். ஒரே தம்பி ரஸ்ஸலின் பிள்ளைக்கு.

அந்த இடம் காலியாகவே கிடந்ததற்குக் காரணம் தம்பி பெண்டாட்டி கிர்ஸ்டி என்பது பெவர்லியின் கட்சி. பெவர்லியின் வாய் என்பது மற்ற எல்லோருடைய கட்சி. நாலு வருஷத்துக்கு முன்னால் சித்தி மகள் லின்ட்ஸி உண்டானபோது, அந்தச் செய்தி அவள் புருஷனுக்கே மீன் வறுவல் கடை வரிசையில் வைத்துத்தான் கிடைத்தது. கொடுத்தது பெவர்லி. "வாழ்த்துதானே சொன்னேன்! அவனுக்குத் தெரியாதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் கிர்ஸ்டி அவளை ஊர் ஒலிபெருக்கி என்றாள். கிர்ஸ்டி வைத்த குழம்பில் காலைக் கழுவலாம் என்றாள் பெவர்லி. அதோடு பேச்சு நின்றது.

இந்த வியாழக்கிழமை, கூட வேலை செய்யும் பாலீனுக்குப் பல் வீங்கிப்போனது. முறை மாற்றிக்கொண்டு பெவர்லி வந்து உட்கார்ந்தாள். பத்து மணி வாக்கில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பழுப்பு மேல்கோட்டு வந்து நின்றது. நிமிர்ந்தால், கிர்ஸ்டி.

"இன்னைக்கு வியாழக்கிழமை" என்றாள் கிர்ஸ்டி. ஏதோ பெவர்லிதான் கிழமை தப்பி வந்துவிட்ட மாதிரி.

"இங்கயும் காலண்டர் இருக்கு கண்ணு. பேரு?"

"பேரா?"

"முழுப் பேரு, பொறந்த தேதி. ஆளைச் சரிபார்க்கணும்ல, விதி."

"என் கல்யாணத்துல ரெண்டு தட்டு இறால் தின்னீங்களே, அப்ப ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"அந்த இறால்ல ஐஸ் கரைஞ்சிருந்தா இன்னும் நல்லா ஞாபகம் இருந்திருக்கும்."

கிர்ஸ்டி பேரைச் சொன்னாள், தேதியைச் சொன்னாள். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக, செவிடருக்குச் சொல்வதுபோல. பெவர்லி விசைப்பலகையைத் தட்டினாள். முகம் கல்லாக இருந்தது; உள்ளே ஒரே மேளம். தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள்! கோட்டின் பொத்தான் எல்லாம் போட்டுத்தான் இருக்கிறது, மூன்று மாதம் இருக்கலாம். படம் எடுப்பாள். அம்மாவுக்கு ஒன்று கொடுப்பாள். ரஸ்ஸல் நல்ல பிள்ளை, அக்காவுக்கும் ஒன்று கேட்பான்.

"படம் வேணும்னா மெஷின் அந்தப் பக்கம். எத்தனை வேணுமோ இப்பவே வாங்கிக்கோ" என்றாள். எத்தனை என்பதைக் கொஞ்சம் அழுத்தினாள்.

"டோக்கன் இருக்கு."

கிர்ஸ்டி கையை விரித்தாள். உள்ளங்கையில் ஒரு பச்சை டோக்கன் இருந்தது.

பெவர்லி சிரித்துவிட்டாள். பச்சை ஒழிந்து எவ்வளவோ காலமாகிறது. படம் நாலு பவுண்டாக இருந்தபோது பச்சை. ஐந்தானதும் நீலம். ஒரு பவுண்டை மிச்சம் பிடிக்க இவள் எங்கிருந்தோ பழசைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். ஒலிபெருக்கி என்ற பட்டத்துக்குப் பதில் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"பச்சை செல்லாது கண்ணு!" காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "எங்க புடிச்ச இதை? பழைய சாமான் கடையிலயா?"

"இந்த மெஷின்ல காசு போட்டு வாங்கினது."

"வாங்கியிருக்கலாம். விலை ஏறிடுச்சே. முதல் பிள்ளைக்கு ஒரு பவுண்டுக்குக் கணக்குப் பாக்கற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். எங்க அம்மாகிட்ட சொன்னா அவங்களே குடுத்திருப்பாங்களே!"

பெயின்ட் தெறித்த பேன்ட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்தான். "விடுங்கக்கா, என்ன பெரிய தொகை? நான் போடறேன்" என்று பைக்குள் கையை விட்டான்.

"யாரும் போட வேண்டாம்" என்றாள் கிர்ஸ்டி, திரும்பாமலே. காது மடல் சிவந்திருந்தது. "பெவர்லி, பர்ஸ்ல காசு இருக்கு. எனக்கு நீலம் வேண்டாம். இதை வாங்கிக்கச் சொல்லுங்க. இதுக்கு ஒரு படம் வரணும்."

"அப்படி என்ன இதுல தங்கமா ஒட்டியிருக்கு? எப்ப வாங்கினே?"

"ஒரு வியாழக்கிழமை."

அப்போதுதான் பெவர்லியின் வாய் நின்றது. கணக்குப் போடுவதில் அவளை யாரும் மிஞ்ச முடியாது. பிரசவ வார்டுக்கு முன்னாலேயே ஊரில் யாருக்கு எப்போது என்று சொல்லக்கூடியவள். பச்சை டோக்கன் என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால். வாங்கியவள் உள்ளே போயிருக்கிறாள். டோக்கன் கையிலேயே தங்கிவிட்டது. உள்ளே போனவர்களுக்குப் படம் கொடுக்க முடியாமல் போவது ஒரே காரணத்துக்குத்தான். திரையில் துடிப்பு இல்லாதவர்களை நர்ஸ் தோளைப் பிடித்துப் பக்கத்துக் கதவு வழியாக அழைத்துப் போவாள். வயிறும் சிரிப்புமாக உட்கார்ந்திருக்கிறவர்களைத் தாண்டி அவர்கள் நடக்க வேண்டாம் என்று அப்படி ஒரு ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதனால் இத்தனை வருஷத்தில், திரும்பிப் போகும்போது அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகத்தைக்கூடப் பெவர்லி பார்த்ததில்லை.

ஆக, தம்பி வீட்டில் ஒன்று வந்து போயிருக்கிறது. மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தும் அவளுக்குத் தெரியாது.

அவள் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இருபது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்த வாய் அது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரல் தானாகக் காட்டியது.

"படம் எடுக்க முடியலைன்னா காசைத் திருப்பித் தருவோம்னு போட்டிருக்கே கண்ணு. அன்னைக்கே வந்து கேட்டிருக்கலாமே."

பெயின்ட் ஆள் மெதுவாக உட்கார்ந்தான்.

கிர்ஸ்டி அந்த அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை படித்தாள். "அந்தக் கதவு வழியா வெளிய போனா நடுவுல உங்க கவுண்டர் வராது, பெவர்லி" என்றாள். "அது ஒண்ணுதான் அன்னைக்கு எனக்கு நடந்த நல்லது."

உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பச்சையை முஷ்டிக்குள் மூடிக்கொண்டு போனாள். பின்னாலேயே கார் நிறுத்த இடம் தேடிக் களைத்த ரஸ்ஸல் ஓடி வந்தான். அக்காவைப் பார்த்ததும் பிரேக் போட்ட மாதிரி நின்றான்.

"பெவ்! இன்னைக்கு வியாழக்கிழமை இல்ல?"

"உள்ள போடா" என்றாள் பெவர்லி.

கதவு சாத்தியதும் கைப்பையைத் திறந்து ஐந்து பவுண்டை மெஷினில் போட்டாள். விழுந்த நீல டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கேன் எடுக்கிற ஃபர்சானாவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப வந்தவங்க ஒரு பச்சை குடுப்பாங்க. வாங்கிக்கோ. எதுவும் பேசாத. சாயங்காலம் டப்பாவுல நீலம் ஒண்ணு நான் போட்டுடறேன், கணக்கு சரியாயிடும்."

"யாரு அவங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"யாரோ."

பிறகு காத்திருந்தாள். யார் வந்து பேர் சொன்னாலும் காதில் விழவில்லை. காது முழுக்கப் பக்கத்துக் கதவில் இருந்தது. அதன் கீலுக்கு எண்ணெய் போடாமல் எவ்வளவு நாளாயிற்று, திறந்தால் இங்கே கேட்குமா என்று இத்தனை வருஷம் அவள் யோசித்ததே இல்லை. ஒரு முறை கிரீச்சிட்டது. எழுந்தே நின்றுவிட்டாள். துடைப்பக்காரன் வாளியை நகர்த்தியிருக்கிறான்.

முன் கதவுதான் திறந்தது.

ரஸ்ஸலின் மூக்கு அழுது சிவந்திருந்தது. வாய் காது வரை போயிருந்தது. கிர்ஸ்டி நேராக அந்தப் பெயின்ட் ஆளிடம் போய்ப் படத்தைக் காட்டினாள். "அடேங்கப்பா, மூக்கு தெரியுதே!" என்றான் அவன். பக்கத்திலிருந்த இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். படம் வரிசையாகக் கை மாறியது. முன்பின் தெரியாத எல்லோரும் பார்த்தார்கள்.

கவுண்டரைத் தாண்டும்போது கிர்ஸ்டி படத்தைக் கோட்டோடு சேர்த்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"கிர்ஸ்டி, அக்காவுக்கு ஒரு தடவை..." என்று ஆரம்பித்தான் ரஸ்ஸல்.

"சாயங்காலச் செய்தியில வாசிக்கவா?" என்றாள் அவள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி, "பச்சை செல்லுமாம். உள்ள இருக்கறவங்களுக்குத்தான் விதி தெரியும்போல."

நீல டோக்கன் பெவர்லியின் கைக்குள் சூடாக இருந்தது. அதை எடுத்துக் காட்டினால் போதும். அந்த அறை முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிடும். பெயின்ட் ஆள் முதற்கொண்டு.

"வெளிய மழை" என்றாள். "படம் நனையாம பாத்துக்கோ."

கண்ணு என்று சேர்க்க மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அம்மா வீட்டுக்குத் தேநீருக்குப் போனாள். வழக்கமாக மேஜை நடுவில் இருக்கும் பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சிக்கு ஏறியிருந்தது. எட்டாத உயரத்தில், இரண்டு போர்வைக்குப் பின்னால். அம்மாவுக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது; நிமிஷத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

"அப்புறம்? இந்த வாரம் ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சவங்க யாராவது வந்தாங்களா?" குரல் ஆழம் பார்த்தது.

"யாரும் வரல."

"ஒருத்தருமேவா?" அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "உடம்பு சரியில்லையாடி?"

"நல்லாத்தான் இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மா மாடிக்குப் போனாள். மாடியில் கழிவறை, அம்மாவுக்கு முழங்கால் வலி, இறங்கிவர நேரமாகும். இது பெவர்லிக்குத் தெரியும். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். போர்வையை விலக்கினாள். டப்பா கைக்கு வந்தது. உள்ளே பிஸ்கட்டின் சத்தம் இல்லை. ஒரே ஒரு தாள் நழுவுகிற சத்தம்.

மூடியில் விரலை வைத்தாள். இன்னொரு கை பாக்கெட்டுக்குள் போனது. வியாழன் சாயங்காலம் நீலத்தை ஃபர்சானாவின் டப்பாவில் போட்டுவிட்டு எடுத்து வந்த பச்சை டோக்கன் அங்கே இருந்தது. அதை மூடியின் மேல் வைத்தாள். டப்பாவை இருந்த இடத்திலேயே தள்ளி, போர்வையை இழுத்து மூடிவிட்டு இறங்கினாள்.

அம்மா வந்தபோது அவள் வெறும் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் எங்கே என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு நிஜமாகவே கவலை வந்தது. மறுநாள் காலையில் பெவர்லிக்கு ஏதோ பெரிய வியாதி என்று மூன்று தெருவுக்கும் தெரிந்துவிட்டது.