மனுதாரர் இருதயமேரி

இவருக்கு இத்தனை பேரைத் தெரியுமா?

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்தபடி இருதயமேரி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டிய நேரத்தில் வருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஒருவர் பெட்டியின் கால்மாட்டில் நின்று குலுங்கி அழுதுவிட்டு, யாரென்று சொல்லாமலே போனார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண், "சார் எப்பவும் ஓரத்துல எடம் விட்டு எடும்மான்னு சொல்லுவாரு. அப்பறம் ஒரு ஜோக்கு சொல்லிட்டுத்தான் போவாரு" என்று மூக்கைச் சிந்தினாள்.

ஜோக்கா? அந்தோணிசாமியா?

சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர் அவர். கரும்போடு வண்டி எவ்வளவு, கரும்பில்லாமல் வண்டி எவ்வளவு என்று எழுதி எழுதி, மீதியை வாயால் சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டவர் மாதிரி இருப்பார் வீட்டில். "சாப்பாடு." "போய்ட்டு வர்றேன்." "கதவச் சாத்திக்கோ." அவளும் ஒரு கட்டத்துக்குமேல் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் இருப்பது முதலில் கோபமாக இருந்தது, பிறகு பழக்கமாக ஆனது, அதற்குப் பிறகு அதுதான் குடித்தனம் என்றே ஆகிவிட்டது.

காலையில் ஐந்து மணிக்கு எழுப்பப் போனபோது கை சில்லென்றிருந்தது. முழங்கால் தண்ணீரில் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வந்த டாக்டர், "தூக்கத்துலயே போயிருக்காரும்மா. ரெண்டு, மூணு மணி இருக்கும்" என்றார். கோயம்புத்தூரிலிருந்து மகள் அமலா வந்து சேர மூன்று மணியாகும். கோயிலில் நாலரைக்குப் பூசை. அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைக்கலாம்.

பதினொரு மணிக்குக் கோதண்டபாணி வந்தார். மல்லிகை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதால் ரகசியம் பேசினாலும் மைதானத்துக்கே கேட்கும். செயலாளர் அந்தோணிசாமியும் அவரும் சேர்ந்துதான் பதினொரு வருஷமாகத் திங்கட்கிழமைகளில் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போவார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். தோளில் கிடந்த துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டார். பிறகு அவளைப் பின்கட்டுக்கு, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். கையில் ஒரு கட்டைப்பை இருந்தது.

"அம்மா, இந்த நேரத்துல இத பேசக்கூடாது. ஆனா இந்த நேரத்த விட்டா வேற நேரமும் கெடையாது."

"சொல்லுங்க சார்."

"வண்டி உள்ள வராது. பாத்தீங்கல்ல, நம்ம நகர் வாசல்ல தண்ணி எப்பிடி நிக்குதுன்னு. செஞ்சி ரோட்டு முனை வரிக்கும் தோள்லதான் தூக்கிக்கினு போவணும். அங்க போய் ஒரு அரை மணி நேரம் ரோட்டுல எறக்கி வைக்கிறோம். சேனல்காரங்க வர்றாங்க, நம்ம சங்கத்துப் பையன் பிரவீன்குமார் பேசிட்டான். அதிகாரிங்க வந்துதான் ஆவணும். சிறுபாலம் கட்டித் தர்றோம்னு எழுத்துல வாங்கிட்டுத்தான் தூக்குவோம்."

"பூசைக்கு நேரமாயிடுமே."

"ஃபாதர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க பெட்டிகிட்ட ஒக்காந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆம்புலன்ஸ் கூப்ட்டோம், தண்ணியில உள்ள வர முடியல. அவ்ளோதான்."

"ஆம்புலன்ஸ யாரு கூப்ட்டாங்க?"

"யாரும் கூப்புடல. கூப்ட்டிருந்தா வந்திருக்குமா? வந்திருக்காது இல்ல? அதத்தான் சொல்லப் போறோம்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலவும் இருந்தது.

"அத நீங்களே சொல்லலாமே சார். நான் எதுக்கு?"

கோதண்டபாணி அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "மனுதாரர் நீங்கதானம்மா."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் கட்டைப்பையை அவள் கையில் கொடுத்தார். "எல்லா மனுவும் உங்க பேருலதான் போயிருக்குது. சார் சொல்லலயா? சங்கம்னு எழுதினா அட்டையப் பாத்துட்டு அடுக்கி வச்சிருவாங்களாம். ஒரு பொம்பள தன் கஷ்டத்த எழுதியிருந்தா, இன்னாதான் சொல்றான்னு ஒரு வரியாவது படிப்பாங்களாம். அவரு கண்டுபிடிப்பு அது. எழுதறதும் அவரேதான். நான் கூடப் போறதோட சரி."

பையைத் தூக்கிக்கொண்டு அவள் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புடவை மாற்றப் போகிறாள் என்று கூடத்திலிருந்தவர்கள் நினைத்திருக்கலாம். கோயிலின் மரியாயின் சேனைப் பெண்கள் ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளைத் தொடங்கியிருந்தார்கள்.

எல்லாம் நகல்கள். ஓரத்தில் இடம்விட்டு எடுத்தவை. ஒவ்வொன்றின் மேலும் 'அனுப்புநர்: அ. இருதயமேரி, க/பெ அந்தோணிசாமி' என்று அவருடைய சாய்வில்லாத எழுத்து. கீழே அவளுடைய கையெழுத்து. அது போலியல்ல. அவளேதான் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது, "இங்க ஒரு கையெழுத்து" என்று வெள்ளைத்தாளை நீட்டுவார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பாள். கேஸ் சிலிண்டர் விஷயமாக இருக்கும், பென்ஷன் விஷயமாக இருக்கும். ஒரு நகலில் பெயருக்குப் பக்கத்தில் மங்கலாகக் கறை தெரிந்தது. மீன்தான்.

என் பெயரில் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறார் பார்க்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. அதைவிட அதிகமாக, தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது.

'நான் நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கும் வழக்கம் உடையவள். தெருவிளக்கு இல்லாத காரணத்தால் தண்ணீர் எங்கே விழுகிறது என்று தெரியாமல் தெளித்து வருகிறேன்.'

உண்மைதான். அந்த விளக்கு பிறகு வந்தது. எப்படி வந்தது என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

'எனக்கு நாய் என்றால் பயம். கல் எடுக்கவும் பயம்.' அதுவும் உண்மை.

'என் மகள் திருமணமாகிச் சென்றபின் மாலை நேரத்தில் சற்று நடந்து வரலாம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் முள் மண்டிக் கிடப்பதால் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.'

இதில் அவள் நின்றாள். அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்ததா? யாரிடமும் சொன்னதாக நினைவில்லை. ஐந்தரை மணிக்குக் கேட்டருகே போய் நிற்பது நினைவிருந்தது. கேட்டின் இரும்பு உள்ளங்கையில் சுடுவது நினைவிருந்தது. நடக்க வேண்டும் என்று நினைத்துத்தான் நின்றாளா? இப்போது அவர் எழுதியதைப் படித்தபின், அதற்காகத்தான் நின்றிருக்கிறாள் என்று தெரிந்தது.

அடுத்தது தண்ணீர் பற்றியது. 'நகர் வாசலில் மழைநீர் எனது முழங்காலுக்குக் கீழே ஒன்பது அங்குலம் வரை நிற்கிறது. 14.11.2019 அன்று பால் வாங்கச் சென்ற நான் அவ்விடத்தில் வழுக்கி விழுந்து இடது முழங்காலில் அடிபட்டது. இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.'

அவள் சொல்லவில்லைதான். கிரைண்டரில் இடித்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். சேறான புடவையை அவர் பார்ப்பதற்குள் அலசிக் காயப்போட்டுவிட்டாள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, தவறு கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதத்தோடு, முப்பத்தேழு மனுக்களையும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். எடைமேடைக்காரர் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. கடைசிக்கு முந்தைய மனு இப்படி முடிந்தது: 'மேற்படி குறைகளை என் கணவரிடம் பலமுறை சொல்லியும் அவர் காதில் வாங்காதவர் போல் இருந்துவருவதால் தங்களை நாடுகிறேன்.'

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. வெளியே ஜெபமாலை ஒரு கணம் தயங்கி மறுபடி தொடர்ந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுப் பாஞ்சாலி வந்தாள், கையில் காபி டம்ளரோடு.

"அழுதியா சிரிச்சியா மேரிக்கா? வெளிய எல்லாரும் பயந்து பூட்டாங்க."

"நான் தண்ணியில வுழுந்தன்ல, அன்னிக்கு நீதான தூக்கிவுட்ட. இவரு கிட்ட சொன்னியா?"

"யாரு, நானா? சார்கிட்ட நான் இன்னா பேசப் போறேன்? அவரு என்னப் பாத்தா தலய ஆட்டுவாரு, நானும் ஆட்டுவேன். பத்து வருசமா ரெண்டு பேரும் தலதான் ஆட்டிக்கினு இருக்கோம்."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

பாஞ்சாலிக்கு அது முக்கியமாகப் படவில்லை. காபியை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "வாத்தியார் சொன்னாரா? ரோட்டுல வைக்கறத?"

"சொன்னாரு."

"கூட்டம் போடுவாங்க, டீ குடிப்பாங்க, கலைஞ்சு பூடுவாங்க. இவங்க சங்கத்த நான் எப்பவும் கேலிதான் பண்ணுவேன், ஒனக்கே தெரியும். ஆனா இத செஞ்சிடுக்கா." அவள் குரல் இறங்கியது. "எம் பொண்ணு கலைப்பிரியாவுக்கு வலி வந்து, அந்தத் தண்ணியில நாலு ஆம்பளைங்க கட்டிலோட தூக்கிக்கினு போனாங்களே. புள்ள பொழச்சதே சாமி புண்ணியம். அடுத்தவாட்டியும் சாமி பாத்துக்குமா?"

"ஆம்புலன்ஸ கூப்ட்டோம்னு சொல்லச் சொல்றாரு."

"சொல்லு. இன்னா இப்ப? ஒரு பொய்யில ஒரு பாலம் வந்தா வந்துட்டுப் போவுது. செத்தவருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

இருதயமேரி மனுக்களை அடுக்கிப் பையில் வைத்தாள். பாஞ்சாலி சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடினாள். கிடைக்கவில்லை. கலைப்பிரியாவின் கட்டிலுக்கு மேலே அன்று குடை பிடித்துப் போனது அவள்தான்.

மூன்றேகாலுக்கு அமலா வந்தாள். கண்ணாடிமேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்தபின் கோதண்டபாணி அவளிடமும் பேசியிருக்க வேண்டும். அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "செய்யலாம்மா. அப்பா இதுக்குத்தான அலைஞ்சாரு" என்றாள்.

"ஒங்கப்பா ஜோக்கு சொல்வாராமே. ஒனக்குத் தெரியுமா?"

அமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போன்ல சொல்வாரு. ஏம்மா, ஒங்கிட்ட சொன்னதில்லையா?"

"நான் கேட்டதில்ல."

நாலு மணிக்குத் தூக்கினார்கள். மழை விட்டிருந்தது. பிரவீன்குமாரும் இன்னும் ஐந்து பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சவப்பெட்டியைத் தோளில் ஏற்றித் தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் சிலுவை போனது. பெண்கள் பாட்டை நிறுத்தாமல், ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் பக்கத்தில் இருப்பவரைப் பற்றிக்கொண்டு நடந்தார்கள். இருதயமேரி யார் கையையும் பிடிக்கவில்லை. எந்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நகர் வாசல் தெரியும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். அவர்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியாது. வேப்பமரம் மறைக்கும். அப்படியென்றால் அவள் விழுந்த அன்று அவர் எங்கே நின்றிருந்தார்?

செஞ்சி ரோட்டு முனையில் எல்லாம் தயாராக இருந்தது. ரோட்டின் பாதியை அடைத்து இரண்டு பெஞ்சுகள். பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. அந்தப் பக்கம், பின்கதவு சாத்திய நிலையில் பிண வண்டி. செஞ்சியிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் தலைகள். கேமராவைத் தோளில் வைத்திருந்தவர் ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலைத் தார்விளிம்பிலும் வைத்து நின்றார். பாஞ்சாலி வேகமாக முன்னால் போய் நாற்காலியில் தெறித்திருந்த சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"பெட்டிய எறக்குங்கப்பா, பாத்து" என்றார் கோதண்டபாணி. பிறகு, அவருக்குப் பழக்கமில்லாத சின்னக் குரலில், "ஒக்காருங்கம்மா. அரை மணி நேரந்தான்."

மைக் அவளுக்கு முன்னால் வந்தது. தூக்கியவர்கள் தோளைச் சாய்க்கத் தொடங்கி, அவள் உட்காராததைக் கண்டு அப்படியே நின்றார்கள்.

"இவரு தூக்கத்துலயே போய்ட்டாருங்க" என்றாள் இருதயமேரி. "ஆம்புலன்ஸ யாரும் கூப்புடல."

பஸ்ஸின் உறுமலில் அது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் மைக்கை நீட்டியவர்.

கோதண்டபாணிக்குக் கேட்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார். "அம்மா, பதினோரு வருசம்..."

"தெரியும் சார். படிச்சன். ஒரு வரிகூடப் பொய்யில்ல."

அவள் பாஞ்சாலியைப் பார்த்தாள். பாஞ்சாலி முந்தானையை உதறிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"எறக்க வேணாம் சார். பூசைக்கு நேரமாவுது."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், வண்டியின் பின்கதவைத் தானே திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றாள். தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ் டிரைவர் மெல்ல ஒரு ஹாரன் கொடுத்தார். யாரோ ஒருவர் அந்த நாற்காலியைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு ரோட்டோரத் தண்ணீரில் நின்றார்.