கேட்கும் கை

இன்றைக்கும் யாரும் என் கையைத் தொடாமல் வகுப்பு முடிந்துவிட வேண்டும்.

வசந்தமலர் இதை மனதுக்குள் மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டாள். 1991 மாசி மாதம், புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில் ஒரு சமூக மண்டபம், சனிக்கிழமை தாய்ச்சி என்ற சீனப் பயிற்சி வகுப்பு. நித்திரைக் குளிசையைக் குறைக்கச் சொல்லி டொக்டர் அனுப்பிய இடம். தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெல்லக் கை தூக்கி, கால் மாற்றி, மூச்சை வயிற்றுக்கு இறக்கிவிட்டுப் போனால் அன்றிரவு மட்டும் அவளுக்கு நித்திரை வந்தது. கிழமையில் அந்த ஓர் இரவை இழக்க அவளுக்குத் துணிவில்லை.

ஆனால் போன கிழமை மெய்யப்பன் மாஸ்டர் ஒன்றைச் சொல்லிவிட்டார். ஈப்போவில் வளர்ந்து, அங்கே சீன அயலவர்களிடம் இதைப் பழகியவர் அவர்.

"இது டான்ஸ் இல்லலா. சண்டை. இந்த மெதுவான கைய வேகமா போட்டா எதிரியோட முழங்கை போயிரும். அடுத்த வாரம் தொட்டுப் பழகுவோம்."

"மலரக்கா, இனி உங்கட மனுசன் கவனமா இருக்கோணும்," என்று பக்கத்துத் தெரு ராஜி காதுக்குள் சிரித்தாள். மலருக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று மாஸ்டர் தன் கறுப்புச் சால்வையை நெற்றியிலிருந்து மூக்குவரை இறுக்கிக் கட்டினார்.

"கண்ணு வேணாம். எதிராளி மனசுல என்னன்னு தோலே சொல்லும். இதுக்குப் பேரு கேட்கிற கை. எல்லாரும் வரிசையா நில்லுங்க. பேசினா கவனம் போயிரும், அதனால தலைய மட்டும் ஆட்டுவேன். ஆட்டினா இறுக்கமா இருக்கீங்கன்னு அர்த்தம். ஓரமா போயிருங்க."

எட்டுப் பெண்கள் நின்றார்கள். முதலாமவளின் மணிக்கட்டைத் தொட்டார். தலை ஆடியது. அவள் சிரித்துக்கொண்டே ஓரமாகப் போனாள்.

மலருக்குக் காலின் கீழிருந்த பலகை மணலானது. நான்கு வருடங்களுக்கு முன், ஊரில் பள்ளிக்கூட மைதானம். கொதிக்கும் வெயிலில் ஊர்ச்சனம் முழுக்க வரிசையாக. ஆமி ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஆள்காட்டி ஒருவன். அவளைப் பார்த்தான், தலை அசையவில்லை. அவளுக்குப் பின்னால் வந்த தம்பி குகதாசனைப் பார்த்தான்; அசைந்தது. ஆமி அவனை இழுத்துப்போனது, அவ்வளவுதான். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் இல்லை.

ராஜிக்கும் தலை ஆடிவிட்டது. வரிசையில் கடைசியாக மிஞ்சியது அவள்.

விரல்கள் மணிக்கட்டில் பட்டன. மலர் மூச்சை விடவில்லை. இமைகூட அசையவில்லை. எதுவும் தெரியாதவள்போல் நிற்பது அந்த மைதானத்தில் உடம்பு தானாகப் படித்த பாடம்.

தலை ஆடவில்லை. மாஸ்டர் சால்வையை அவிழ்த்துவிட்டு அவளையே பார்த்தார்.

"எட்டு பேர்ல இவங்க ஒருத்தர்தான். வேர் விட்ட மாதிரி நிக்கிறாங்க! எங்கம்மா பழகினீங்க?"

அவளுடைய முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. தோலால் கேட்பவருக்கு அது கேட்கவில்லை.

"இப்ப நீங்க கட்டுங்க," என்று சால்வையை நீட்டினார். "ஒவ்வொருத்தரா தொட்டுப் பாருங்க. யார்கிட்ட பயம் இருக்கோ, தலைய ஆட்டுங்க. போதும்."

வரிசை மறுபடி நின்றது. ராஜி முன்னால் வந்து கையை நீட்டினாள். "அக்கா, என்னை மட்டும் பிடிச்சுக் குடுத்திடாதேங்கோ!"

சால்வையில் இன்னும் மாஸ்டரின் மூச்சுச் சூடு இருந்தது. மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டிவரும். சொன்னபிறகு இந்த மண்டபத்திலும் அந்த மைதானம் வந்துவிடும். சனிக்கிழமை இரவும் போய்விடும்.

அவள் சால்வையை நாலாக மடித்து அவர் கையில் வைத்தாள்.

"ஏலாது மாஸ்டர். நான் வரிசையிலயே நிக்கிறன்."

போய் ராஜிக்குப் பக்கத்தில் நின்றாள்.